இடப்பக்கம் பார்த்துச் சொல்பவள்

எங்கள் வீட்டுக்கு இன்ஜின் உண்டு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. சமையல் மேடையிலிருந்து எட்டடி தள்ளி ஸ்டியரிங். கட்டில் கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில் மகளிர் என்று எழுதிய இருக்கைகள் இருந்தன. பின்படிக்கட்டை அடைத்து அங்கே காஸ் சிலிண்டரை வைத்திருக்கிறோம். சிலிண்டர் சரிந்தால் என்ன ஆகும், டீசல் டேங்க் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, மின்னல் விழுந்தால் இந்தத் தகரம் என்ன கதிக்கு ஆளாகும் என்று நினைத்துக்கொண்டே தோசை ஊற்றுகிறவள் நான்.

என் சுபாவமே அப்படி. பயப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை. காரணம் கிடைத்துவிட்டால் இன்னும் வசதி. போன் இரண்டு முறை அடித்து நின்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று முடிவு செய்துவிடுவேன். செம்மங்குப்பம் வழியாக பஸ்ஸில் போனால், அந்த ரசாயனத் தொழிற்பேட்டை வாசனை முடிகிற வரைக்கும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். "நீ பயப்படறதுக்கே ஒரு நாளைக்கு இருபத்தி நாலு மணி நேரம் பத்தல" என்பார்.

அவர் எனக்கு மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் கொள்ளிடக்கரை ஊர்கள் வரைக்கும் சொந்தமாக மினி பஸ் ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம் வந்து, ரூட்டை விட்டுவிட்டேன் என்றார். எல்லோரும் டூ வீலர் வாங்கிவிட்டார்கள், ஏற ஆள் இல்லை என்று காரணம் சொன்னார். நம்பினேன். பர்மிட் வேறு ஒருவருக்குப் போயிற்று, வண்டி மட்டும் எங்களிடம் நின்றது.

அதை வீடாக்கலாம் என்பது அவர் யோசனை. அந்த வருஷ மழையில் எங்கள் வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து நான்கு நாள் நின்றிருந்தது. "வீடு தண்ணி வந்தா அங்கயேதான் நிக்கும். வண்டின்னா ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு போயிடலாம்" என்றார். என் பயத்தை வைத்தே என்னைச் சம்மதிக்க வைத்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. சீட்டுகளைக் கழற்றினோம், கட்டில் போட்டோம், கூரையில் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். என் தையல் மிஷினை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையோடு நட்டுப்போட்டு முடுக்கினார்.

நிறுத்துவதற்கு இடம்தான் இல்லை. அப்போது அவருடைய பழைய பயணி ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை, போனில் ஒரு அறிவிப்பை அனுப்பினார். கடலூரில் கடலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கோட்டைச் சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கும் ஒரு பூங்கா. அதைப் பார்த்துக்கொள்ளும் சின்ன அறக்கட்டளைக்குத் தன்னார்வலர்கள் தேவை. சம்பளம் கிடையாது, தங்க அறையும் கிடையாது. சொந்த வண்டியிலேயே தங்குகிறவர்களுக்கு மரத்தடியில் இடமும் தண்ணீரும் கரண்டும் தருவார்கள். பதிலுக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். எங்களுக்காகவே எழுதிய மாதிரி இருந்தது.

கூடவே ஒரு தாளில் நிபந்தனைகள் இருந்தன. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு முறை படித்தேன். வண்டி எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு உரிமம் உள்ளவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால், சொன்ன நேரத்துக்குள் பூங்காவை விட்டு வண்டி வெளியேறிவிட வேண்டும். கடல் அவ்வளவு பக்கம் என்பதால் இது நியாயம்தான் என்று நினைத்தேன். அந்த மூன்று வரிகளும் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது தெரியாது.

வேலை பிடித்திருந்தது. காலையில் நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பழைய கல்லறைக் கற்களின் மேல் கிடக்கும் வேப்பஞ்சருகைப் பெருக்குவேன், வருகிறவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்குவேன். சுவர்மேல் பெயர் கிறுக்க வரும் காதலர்களைத் துரத்துவதும் என் வேலை. செத்த வெள்ளைக்காரர்களைப் பார்த்து ஆரம்பத்தில் பயந்தேன். பிறகு அவர்கள் தொந்தரவு இல்லாதவர்கள் என்று புரிந்தது. உயிரோடு வருகிறவர்கள்தான் தின்பண்ட உறையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கதை சொல்வது அவர் வேலை. அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. கோட்டையில் மிச்சமிருந்த ஒரே கொத்தளத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றி, வெள்ளைக்காரர்கள் கோட்டையை வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் சேர்த்துத் தர வேண்டும் என்று பேசிக்கொண்ட கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது அந்தக் குண்டு மினி பஸ் மாதிரி ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். "அந்தா, அங்க ஏறுது. இந்தா, இங்க எறங்குது. டிக்கெட் எடுக்காம ஊரையே எடுத்துக்கிட்டான் பாரு!" பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். கதை சூடுபிடிக்கும்போது பிள்ளைகளைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடப்பார். கொத்தளத்துக்கு மூன்று பக்கம் கைப்பிடிச்சுவர் உண்டு. இடப்பக்கம் அது எப்போதோ விழுந்துவிட்டது. கீழே இரண்டு ஆள் ஆழத்தில் செங்கல் குவியல்.

நான் முதலில் கவனித்தது ஒரு டம்ளரை. காலையில் காப்பி ஆற்றி அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். திரும்பினார், புறங்கை பட்டுக் கவிழ்ந்தது. "பாக்கல" என்றார். அடுத்த வாரம் தாழ்ந்த வேப்பங்கிளையில் இடது நெற்றியை இடித்துக்கொண்டார். "யோசனையா வந்தேன்." ஒரு பெரியவர் இடப்பக்கமாக வந்து கைகொடுக்க நீட்டினார், நீட்டிய கை நீட்டியபடியே நின்றது, இவர் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். வேறு யாராவது என்றால் கர்வம் என்று நினைத்துப் போயிருப்பார்கள். நான் பயந்தவள், பயந்தவர்களுக்கு எதையும் கணக்கில் சேர்க்காமல் விடத் தெரியாது.

ஒரு மதியம் அவர் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் தோசைக் கரண்டியோடு அவருக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிச் சத்தமில்லாமல் நின்றேன். கரண்டியை ஆட்டினேன். அவர் பக்கம் புரட்டினார். காது அருகே கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை. கன்னத்தைத் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினேன். மூக்குக்கு நேராக வரப்போகும்போதுதான் நிமிர்ந்தார்.

"என்னா, விசிறி உடுறியா?"

"ஈ மாமா" என்றேன்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை. மங்கலாகத் தெரிகிறது என்றில்லை, அந்தப் பக்கமே அவருக்கு இல்லை. அது இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு எதிரே அந்த ஸ்டியரிங் இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். அன்றே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் முதல் வார்த்தையாக வண்டி ஓட்டக்கூடாது என்பார். ஓட்டக்கூடாது என்றால் நிபந்தனைத் தாளின் மூன்று வரிகளும் போயிற்று. இடம் போய்விடும். இந்தத் தகரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, யார் ஓட்டிக்கொண்டு போவது? இன்னொன்றும் இருந்தது. டிரைவர் என்பதைத் தவிர அந்த மனிதருக்குத் தன்னைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. அதை என் வாயால் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு இன்னொரு வேலையை எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு இடப்பக்கம் நானே நடக்க ஆரம்பித்தேன். கடைக்குப் போனால் இடப்பக்கம், கடற்கரைக்குப் போனால் இடப்பக்கம். கிளை வந்தால் "குனிங்க" என்று சொல்லாமல், "மாமா, கீழ பாருங்க, எறும்பு" என்பேன், குனிவார். டம்ளரை வலப்பக்கம் வைத்தேன். எதிரே ஆள் வந்தால் நானே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னேன். பஸ்ஸுக்குக் கண்டக்டர் எப்படியோ அப்படி அவருக்கு நான். எங்கள் குடும்பத்துக்கு இந்த வேலை புதிதில்லை. மினி பஸ்ஸில் இடப்பக்கம் கண்டக்டருடையது. கண்டக்டர் ரைட் என்றால் கிளம்ப வேண்டும், ஓல்டான் என்றால் நிற்க வேண்டும். டிரைவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தப் பழக்கத்திலேயே நாங்கள் இதற்குள் வழுக்கி விழுந்துவிட்டோம். வேறு தொழில் செய்கிற குடும்பம் என்றால் இந்த முட்டாள்தனத்தை ஒரு வாரம்கூட ஓட்டியிருக்க முடியாது.

கொத்தளத்துக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்தாலே தலை சுற்றும். ஆனால் அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தால் கீழே நின்று பார்க்கவும் முடியவில்லை. கடைசியில் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒவ்வொரு முறையும் மேலே ஏறி, சுவர் விழுந்துபோன அந்த விளிம்பில் போய் நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் காற்று, முன்னால் அவர் முதுகு. ஒருநாள் குண்டு ஐந்தாவது ஊரைத் தாண்டும்போது அவர் என் மேலேயே வந்து மோதினார். என் குதிகால் பாதி வெளியே போயிற்று. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எதுக்கு இங்க வந்து நிக்கிற?"

"கதை கேக்கத்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இறங்கி வந்து கல்லறைக் கல் ஒன்றின் மேல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து நினைத்தது அவர் விழுவதை அல்ல. ஆறு மாதமாக வண்டி நகரவில்லை. நகர வேண்டிய நாள் ஒன்று வரும். அதைத்தான் நினைத்தேன். டிவி இல்லாததால் போனில் நாளுக்குப் பத்து முறை வானிலை பார்ப்பேன்.

அந்த நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு அறக்கட்டளை மேலாளர் போன் செய்தார். அந்த அம்மாள் பேச்சில் எப்போதும் அவசரம் இருக்காது, அன்றைக்கு இருந்தது. "அக்கா, புயல் சின்னம்தான், ஆனா காத்து ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. பதினோரு மணிக்குள்ள வண்டிய எடுத்துடுங்க." சிதம்பரத்தில் தெரிந்த கல்யாண மண்டபத்தின் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். நாற்பது சொச்சம் கிலோமீட்டர். சிலிண்டரை மூடினேன், பாத்திரத்தைத் துணியில் சுற்றினேன், சாமி படத்தைக் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்தேன். சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

"வேற டிரைவர் யாரையாவது கூப்புடலாமா மாமா? மழையா இருக்கே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவமானம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அன்றைக்குப் புரியவில்லை. "ஏறு" என்றார்.

டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் மூடியின் மேல் மடித்த போர்வையைப் போட்டு உட்கார்ந்தேன். இடது கண்ணாடி எனக்கு நேராக இருந்தது. முதுநகர் தாண்டும்வரை நெரிசல். "லெஃப்ட்ல?" என்பார். "சைக்கிள் ஒண்ணு, போவட்டும்... ம், போலாம்" என்பேன். கிளீனர் இல்லாத வண்டியில் பக்கத்தில் இருப்பவர் இப்படிச் சொல்வது வழக்கம்தான். அதனால் அவர் கேட்பதிலும் நான் சொல்வதிலும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆட்டோ, மாடு, குடை பிடித்துக்கொண்டு நடக்கும் கிழவர், ஓரத்தில் கருவாடு மூடுகிறவர்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். கண் சிமிட்டினால்கூட யாரையோ கொன்றுவிடுவேன் என்று இருந்தது. தொழிற்பேட்டை வாசனை எப்போது வந்தது, எப்போது போயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது. மூச்சை எண்ண எனக்கு ஞாபகமில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் திணறியது. கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. "உள்ள போட்டுட்டு மழை உட்டதும் போலாம்" என்று அவர் வேகத்தைக் குறைத்தார். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு டேங்கர் லாரி, விளக்கைப் போட்டுக்கொண்டு, எங்கள் மேலேயே வருகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தண்ணீரை வாரி எங்கள் கண்ணாடி முழுக்க அடித்தது.

"லெஃப்ட்ல கிளியரா?"

"கிளியர்" என்றேன்.

அப்போது என் கண்கள் மூடியிருந்தன. வேண்டுமென்றே மூடவில்லை. சின்ன வயதிலிருந்து பயம் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது என் பழக்கம், அன்றைக்கும் மூடிக்கொண்டேன். கேள்வி வந்தது, பழகிய வாய் பதில் சொல்லிவிட்டது. வண்டி இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. தகரத்தில் ஏதோ உரசிய சத்தம் கேட்டது, ஒரு பெண் கத்தினாள். கண்ணைத் திறந்து "ஓல்டான்! ஓல்டான்!" என்று அலறினேன். அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார்.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஓரத்துச் சேற்றில் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. பின்னால் கட்டியிருந்த பெட்டி திறந்து மீன்கள் தண்ணீரில் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில், நீல ரெயின்கோட் போட்ட ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். மண்டியிட்டிருக்கிறவள் எப்படிச் செத்திருக்க முடியும் என்று யோசிக்கக்கூட எனக்கு வரவில்லை. அவள் எழுந்தாள். கையைக் காலை உதறிப் பார்த்தாள். முழங்கை மட்டும் தோல் உரிந்திருந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

"யோவ், கண்ண எங்கய்யா வச்சிக்கினு ஓட்டுற? எம்மாம் பெரிய ஆளு போறேன், தெரியலையா ஒனக்கு? எம் புள்ளைங்களுக்கு யார்யா பதில் சொல்லுவா?"

அவர் இறங்கி, மழையில் நனைந்தபடி நின்றார். "தப்புதாம்மா. எம் மேலதான் தப்பு" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் இன்னும் திட்டினாள்; திட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் உட்கார்ந்து மீன்களைப் பொறுக்கி அலசிப் பெட்டியில் போட்டேன். கவலை என்கிற பொடி மீன்கள், வழுக்கின. பொறுக்கியதே மறுபடி விழுந்தது. அவளும் குனிந்து பொறுக்கினாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க்கா, நீங்க முன்னாடிதான உக்காந்துக்கினு இருந்தீங்க? நான் கண்ணாடியில பாத்தேனே. நீங்க பாக்கலியா?"

நான் மீன்பெட்டியின் மூடியை இழுத்துச் சாத்தினேன். பங்க் ஆட்கள் வந்து மொபெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். உதைத்ததும் கிளம்பிவிட்டது. முழங்கைக்கு மருந்து போட வா என்று கூப்பிட்டேன். மீன் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு மழைக்குள்ளேயே போய்விட்டாள். அவள் முதுகு மறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வண்டியைப் பங்க் ஓரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தோம். கூரையில் மழை அடித்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நீ பாத்தியா?" என்றார்.

"இல்ல மாமா. கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்ப ஏன் கிளியர்ன்ன?"

"நீங்க கேட்டீங்க, வாயில வந்துடுச்சு."

துண்டை மடித்து ஸ்டியரிங் மேல் போட்டுவிட்டுக் கேட்டார், "லெஃப்ட் எனக்குத் தெரியலன்னு ஒனக்குத் தெரியும், இல்ல?" நான் அழ ஆரம்பித்தேன். தெரியும் என்றேன். கரண்டியைச் சொன்னேன், எறும்பைச் சொன்னேன், கொத்தளத்தில் ஏன் நின்றேன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். அதை அவர் கையால் வாங்குவதற்கு நான் ஆறு மாதம் பயந்திருந்தேன். வாங்கியபோது அது வெறும் சாவியாகத்தான் இருந்தது.

அன்று மதியம் நானே மேலாளருக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண் சரியில்லை, வண்டி இனிமேல் அவரால் ஓட்ட முடியாது, நிபந்தனைப்படி நாங்கள் காலி செய்துவிடுகிறோம் என்று எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி சொன்னேன். "என்னக்கா இது, முன்னாடியே சொல்லக் கூடாதா? மழைன்னா பக்கத்துல டிராக்டர் இருக்கு, கட்டி இழுத்துட்டுப் போறான். இதுக்குப் போயி அந்த மனுசன ரோட்ல ஓட்ட உட்டீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு மாதம் நான் காத்த ரகசியத்துக்கு ஒரு டிராக்டர்தான் விலை.

புயல் சின்னம் வேறு பக்கம் ஒதுங்கிப் போயிற்று. மழை விட்ட மறுநாள் வண்டியைப் பங்கிலேயே விட்டுவிட்டு, டவுன் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வருமாம். தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நான் பின்னால் நின்று அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் டிக் டிக் என்று ஓடுகிறது. விரல் அசையவில்லை. அசையவேயில்லை. பிறகு ஒரு தடவை அமுக்கினார். மறுபடி நீண்ட நேரம் சும்மா இருந்தது. இருட்டில் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததைவிடப் பயமான நேரம் எனக்கு வந்ததில்லை, அன்றைக்கு ரோட்டில் நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி நரம்பைத் தின்றுவிட்டது, இடது கண் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கத்துப் பார்வை போய்விட்டது, போனது திரும்ப வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். வண்டி ஓட்டக்கூடாது என்று நான் எதிர்பார்த்த அதே குரலில் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். "எவ்வளவு நாளா இப்படித் தெரியாம இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆறு மாசம்" என்றேன் நான்.

"நாலு வருஷம்" என்றார் அவர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதை எழுதுவது என்று பேனாவை நிறுத்தினார். "நாலு" என்று அவர் திரும்பச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன், பழக்கம். நாலு வருஷம். ரூட்டை விட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆள் ஏறவில்லை என்றது பொய். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் இடப்பக்கம் தெரியாமலே அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார். காலை எட்டேகால் டிரிப்பில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். நாற்று நடப் போகிற பெண்கள் ஏறுவார்கள். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஏறுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நானே ஏறியிருக்கிறேன், முன் சீட்டில், சிலிண்டரை மூடினோமா என்று கவலைப்பட்டுக்கொண்டு. உலகத்தில் எதற்கெல்லாமோ பயந்த நான் அந்த வண்டிக்குள் பயந்ததே இல்லை, ஓட்டுவது அவர் என்பதால். நடந்துவிடாத ஒன்றுக்காக, முடிந்துபோன இரண்டு வருஷத்துக்காக இப்போது உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். கூடவே கோபமும் வந்தது, அவரை அடிக்கலாம் போன்ற கோபம்.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

அவர் நேராகச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். "சொல்லணும்னுதான் டெய்லி வருவேன். நீ வாசல்ல நிப்ப. பத்து நிமிஷம் லேட்டுன்னா போதும், ஆளு செத்துட்டான்னு மூஞ்ச வச்சிக்கிட்டு நிப்ப. அதப் பாத்துட்டு உள்ள வந்து சோறு துன்னுட்டு படுத்துடுவேன். நீ பயந்துப்பியேன்னுதான் சொல்லல."

என் பயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, எனக்குத்தான் தூக்கம் கெடுகிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நர்ஸ் வந்து மருந்து விடுவதற்கு உள்ளே கூப்பிட்டார். அவர் எழுந்து, இடது கையை என் பக்கம் நீட்டித் துழாவினார். நான் அங்கேதான் இருந்தேன். கையைக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.